தவிட்டோடு போகும் இரும்பு



செம்பட்டியில் நெல் அரைக்க மில்லுக்குக் கிளம்பினால் அம்மா தவறாமல் சொல்வார்: "நல்லா வெள்ளையா தீட்டிக் குடுக்கச் சொல்லுடா!" அதே வீட்டில்தான் அக்கா ரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறாள். இரண்டையும் சேர்த்து யோசிக்க வைத்தது எக்ஸ்ரே!

எக்ஸ் கதிர் பட்டால், ஒரு பொருளிலுள்ள ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஆற்றல் கொண்ட எக்ஸ் கதிரைத் திருப்பி வீசும். தனிமங்களின் இந்தக் 'கைரேகை'யை 1913-ல் வரிசைப்படுத்தியவர் இங்கிலாந்தின் ஹென்றி மோஸ்லி. தானியத்தைச் சாம்பலாக்கிச் சோதித்தால் இரும்பு எவ்வளவு என்றுதான் தெரியும். மயிரிழையைவிட மெல்லிய கதிரை, குறுக்கே வெட்டிய தானியத்தின்மேல் புள்ளி புள்ளியாக நகர்த்தினால், எங்கே இருக்கிறது என்ற வரைபடமே கிடைத்துவிடும். இந்தூரிலுள்ள 'இண்டஸ்-2' சிங்க்ரோட்ரானில் இவ்வகை ஆய்வுக்கென்றே ஒரு கதிர்த்தடம் உண்டு.

நெல்மணியின் படம் காட்டுவது என்ன? இரும்பு பெரும்பாலும் தவிட்டு அடுக்கிலும் கருவிலும்தான்! துத்தநாகம் உள்ளேயும் ஓரளவு பரவியிருக்கும். தீட்டத் தீட்ட இரும்பு தவிட்டோடு போய் மாட்டுத் தொட்டியில் விழுகிறது.

தீட்டாத அரிசி தின்றால் மாத்திரை வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள். தவிட்டிலுள்ள பைட்டேட், இரும்பு உடலில் சேர்வதைக் குறைக்கும். அதனால்தான் வெள்ளைப் பகுதியிலேயே இரும்பு சேரும் நெல்லை உருவாக்க விஞ்ஞானிகள் உழைக்கிறார்கள்.

அதுவரை? போன தடவை மில்லில் நானே சொல்லிவிட்டேன்: "அண்ணே, பாலீஷ் கொஞ்சம் கம்மியாவே போடுங்க!"