சாதி கேட்காத தடுப்புக் கம்பி

வளைகுடா நாட்டில் நான்கு ஆண்டுகள் கட்டட வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய எங்கள் காலனித் தம்பி ஒருவரை அழைத்துவர, அண்மையில் ஒரு விமான நிலையத்துக்குப் போயிருந்தோம். அவருடைய அம்மா, அக்கா, நாங்கள் இருவர், கார் ஓட்டிய தம்பி என்று ஐந்து பேர். காரும் காலனிக் கார்தான். தாட்கோ கடனில் வாங்கி, மாதத் தவணை கட்டி ஓட்டும் வாடகைக் கார். பின்கண்ணாடியில் அண்ணல் அம்பேத்கர் படம் ஒட்டியிருக்கும்.

வாகன நிறுத்தத்தின் வாசலில் ஆள் யாரும் இல்லை. குறுக்கே மஞ்சள் கறுப்புப் பட்டை அடித்த கம்பி ஒன்று கிடந்தது. கார் பக்கத்தில் போனதும் அது தானாக எழுந்து வழிவிட்டது. தம்பியின் அம்மா எழுபதைத் தாண்டியவர். திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

“யாருப்பா கம்பியத் தூக்குனது? ஆளையே காணோம்?”

“மிசின் பெரியம்மா. கண்ணாடியில ஒட்டியிருக்குல்ல, அந்த அட்டையப் பாத்துத் தானா தொறக்கும்.”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர், மெதுவாகச் சொன்னார்: “எந்த ஊரு, எந்தத் தெருன்னு கேக்கவே இல்லையே.”

காரில் யாரும் சிரிக்கவில்லை. சிறு வயதில் ஊர்த் தெருவுக்குள் நுழையும்போது செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தவர் அவர்.

எந்தத் தெரு?

‘எந்தத் தெரு?’ என்பது முகவரி கேட்கும் கேள்வி இல்லை என்பது நம் பிள்ளைகளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தேர்த் திருவிழாவில் வண்டி நிறுத்தப் போனால், ரசீதுப் புத்தகத்தோடு நிற்பவர் கேட்பார். தோப்போரம் நிழலில் வண்டியைப் போட்டால் கேட்பார்கள். பதில் சொன்ன பிறகு, ‘அங்கிட்டுத் தள்ளிப் போடு’ என்று வெயிலைக் காட்டுவார்கள்.

இந்த நாட்டில் வழிக்கும் வண்டிக்கும் சாதி இருந்தது. அதனால்தான் இரட்டைமலை சீனிவாசன் 1924-இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவர வேண்டியிருந்தது. பொதுச் சாலை, தெரு, கிணறு ஆகியவற்றை ஒடுக்கப்பட்ட மக்கள் பயன்படுத்தத் தடை கூடாது என்பதே அதன் சாரம். அதே ஆண்டில்தான் கேரளத்து வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடக்கும் உரிமைக்காகப் போராட்டம் தொடங்கியது. மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் 1989-இல் எழுப்பப்பட்ட சுவரில் ஒரு பகுதியை இடித்துப் பாதை திறக்க 2008 மே மாதம் வரை காத்திருந்தோம்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-இல் செய்த திருத்தத்தையும் மாணவர்கள் ஒருமுறை எடுத்துப் படிக்க வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடி மக்கள் பொது இடத்தில் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதைத் தடுப்பதும், செருப்பு அணிவதைத் தடுப்பதும் குற்றம் என்று அதில் தனியாக எழுதியிருக்கிறது. நடக்காத ஒன்றைச் சட்டத்தில் எழுத மாட்டார்கள். நாம் வண்டி ஓட்டுவதை இன்றும் யாரோ தடுக்கிறார்கள் என்பதற்கு அந்த வரியே சாட்சி.

ஆகவே, அந்தப் பெரியம்மா சொன்னதைச் சின்ன விஷயம் என்று நாம் ஒதுக்கவில்லை. முகம் பார்க்காமல், பின்கண்ணாடிப் படத்தைப் பார்க்காமல் எழுந்து வழிவிடும் ஒரு வாசல் அவருக்குப் புதிது.

கம்பி எப்படி எழுகிறது?

மந்திரம் எதுவும் இல்லை. பள்ளி அறிவியல் பாடத்தில் நம் பிள்ளைகள் படிக்கும் மின்காந்தத் தூண்டல்தான். தடுப்புக்கு முன்னால் தரையைக் கீறி, மின்கம்பியைச் சுருளாகப் புதைத்திருப்பார்கள். அதில் சிறு மின்னோட்டம் ஓடிக்கொண்டிருக்கும். மேலே காரின் இரும்பு வந்து நின்றதும் சுருளின் தூண்டல் அளவு மாறும். வண்டி வந்துவிட்டது என்று கருவிக்குத் தெரிந்துவிடும்.

அடுத்து, மேலே உள்ள கருவி வானொலி அலையை அனுப்பும். முன்கண்ணாடியில் இருக்கும் ஃபாஸ்டேக் அட்டையில் பேட்டரி கிடையாது. வரும் அலையிலிருந்தே வேண்டிய மின்சாரத்தை எடுத்துக்கொண்டு தன் எண்ணைத் திருப்பி அனுப்பும். 2021 பிப்ரவரியில் நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகளில் கட்டாயமான அதே அட்டைதான் இப்போது வாகன நிறுத்தங்களுக்கும் வந்திருக்கிறது. அட்டை இல்லாத வண்டிக்கு இயந்திரம் சீட்டு தரும். சில இடங்களில் கேமரா வண்டி எண்ணைப் படித்துக்கொள்ளும். கம்பியின் அடியிலும் ஒரு சுருள் இருக்கும். வண்டி கடந்து முடியும் வரை கம்பி தலையில் விழாமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை.

2022 டிசம்பரில் சென்னை விமான நிலையத்தில் திறக்கப்பட்ட அடுக்குமாடி வாகன நிறுத்தத்தில் மட்டும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கார்கள் நிற்கலாம். இத்தனை வண்டிகளைச் சீட்டுக் கிழித்துக் கொடுத்துக் கணக்குப் பார்க்க முடியாது. இயந்திரம் வந்ததைக் குறைசொல்ல நமக்குக் காரணம் இல்லை.

வெளியேறும் வாசல்

விமானம் தரையிறங்கியும் பெட்டி வர நேரமானது. நான்கு ஆண்டுகள் கழித்து மகனைப் பார்த்த அம்மா, அவரைக் கட்டிப்பிடித்து அழுதார். கார் ஓட்டிய தம்பி தவித்துக்கொண்டு நின்றார். “அண்ணே, நேரம் ஓடுது. சீக்கிரம் ஏறுங்க.”

அவர் தவிப்பில் நியாயம் இருந்தது. அரை மணி, இரண்டு மணி என்று கட்டணம் அடுக்கடுக்காக ஏறும். ஒரு நிமிடம் தாண்டினாலும் அடுத்த அடுக்குதான். புறப்பட்டு வந்தால் வெளியேறும் வாசலில் நீண்ட வரிசை. கம்பிக்கு முன்னால் போய் நிற்கும் நேரத்தையே இயந்திரம் கணக்கில் எடுக்கும். வரிசையில் காத்திருந்த நேரமும் நம் தலையில்தான் விழுகிறது. எங்கள் முறை வந்தபோது கருவி அட்டையைப் படிக்கவில்லை. பின்னால் ஹாரன் சத்தம். தூரத்தில் இருந்து ஓர் இளைஞர் கையில் சிறு கருவியோடு ஓடிவந்தார். நேரம் தாண்டியதற்கும் சேர்த்துத்தான் பணம் எடுத்தது.

பின்கண்ணாடியில் இருந்த படத்தைப் பார்த்துவிட்டு அந்த இளைஞர் குனிந்து கேட்டார்: “எந்த ஊருண்ணே?” சொன்னோம். “நானும் நம்மாளுதான்” என்று சிரித்தார். முன்பு ஒவ்வொரு வாசலுக்கும் ஷிஃப்டுக்கு ஓர் ஆள் இருந்தாராம். இப்போது எல்லா வாசலுக்கும் சேர்த்து அவர் ஒருவர்தான். கருவி பழுதானால் வண்டிக்காரர் திட்டுவது இவரைத்தான். பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறார். உட்கார நாற்காலி இல்லை. சம்பளச் சீட்டு எப்படி இருக்கும் என்றே தெரியாது என்றார்.

அன்று இரண்டாவது முறையாக ‘எந்த ஊரு?’ என்ற கேள்வி எங்கள் காதில் விழுந்தது. முதலில் கேள்வி வராததற்கு மகிழ்ந்தோம். இப்போது கேள்வி வந்ததற்கு மகிழ்ந்தோம். ஆனால் அந்தத் தம்பியை அங்கேயே விட்டுவிட்டு வரும்போது மனம் கனத்தது.

கம்பிக்குப் பின்னால் இருப்பது யார்?

கம்பி சாதி பார்ப்பதில்லை. அந்தக் கம்பி யாருடையது என்று பார்த்தால்தான் கதை தொடங்குகிறது.

தமிழ்நாட்டில் சென்னை, மதுரை, திருச்சி, கோவை, தூத்துக்குடி, சேலம் விமான நிலையங்களை நடத்துவது இந்திய விமான நிலையங்கள் ஆணையம். அது ஒன்றிய அரசின் பொதுத்துறை நிறுவனம். அதன் நேரடிப் பணியிடங்களில் இடஒதுக்கீடு உண்டு. வாகன நிறுத்தமோ ஒப்பந்தப்புள்ளி வழியாகக் குத்தகைக்குப் போகிறது. குத்தகை எடுத்தவர் வைக்கும் ஆட்களுக்கு இடஒதுக்கீடு இல்லை. ஒரே வளாகத்தில் அலுவலக அறைக்குள் இருக்கும் சமூக நீதி, வாசலுக்கு வரும்போது நின்றுவிடுகிறது.

ஒன்றியப் பொதுத்துறை நிறுவனங்கள் வாங்கும் பொருள், சேவைகளில் 25 விழுக்காட்டைக் குறு, சிறு நிறுவனங்களிடமிருந்து வாங்க வேண்டும் என்பது கொள்கை. அதற்குள் 4 விழுக்காடு பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோருக்கு உரியது. வாகன நிறுத்தத்தில் பணம் எதிர்த்திசையில் போகிறது. குத்தகைதாரர்தான் நிலையத்துக்குப் பணம் கட்டுகிறார். எனவே அந்த 4 விழுக்காடு இந்த வாசலுக்கு எளிதில் வந்து சேராது. பெரும் முன்பணம் கட்ட முடிந்தவர் கைக்கே குத்தகை போகிறது. நம்மவர் கையில் என்ன இருக்கிறது? தவணை பாக்கியுள்ள வாடகைக் காரும், வெயிலில் நிற்கும் வேலையும்தான்.

பயணியை எதிர்பார்த்துக் காத்திருக்கும் ஓட்டுநர்கள் நிறுத்தக் கட்டணத்துக்குப் பயந்து வளாகத்துக்கு வெளியே சாலையோரம் நிற்பதை அன்று பார்த்தோம். அங்கே நிழலும் இல்லை, கழிப்பறையும் இல்லை. அன்றைய வாடகையில் ஒரு பகுதியை நிறுத்தக் கட்டணம் தின்றால், மாதக் கடைசியில் தவணை இடிக்கும்.

நாம் கேட்க வேண்டியவை

வரிசையில் நிற்கும் நேரத்தைக் கட்டணத்தில் சேர்க்கக் கூடாது. கட்டண அட்டவணையை உள்ளே நுழையும் முன்பே தெரியும்படி பெரிய எழுத்தில் தமிழில் வைக்க வேண்டும். வாடகை ஓட்டுநர்களுக்கு நிழலும் கழிப்பறையும் உள்ள காத்திருப்பு இடம் வேண்டும். குத்தகை நிபந்தனையிலேயே எட்டு மணி நேர வேலை, சம்பளச் சீட்டு, வைப்பு நிதி, இ.எஸ்.ஐ., வேலைவாய்ப்பில் சமூகப் பங்கு ஆகியவற்றை எழுத வேண்டும். ஒப்பந்ததாரர் கூலி தராவிட்டால் முதன்மை முதலாளி தர வேண்டும் என்பது 1970-ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்திலிருந்தே உள்ள விதி. ஆகவே, ‘அது காண்ட்ராக்டர் விவகாரம்’ என்று நிலையம் கைகழுவ முடியாது.

இவற்றைக் கேட்க வழி இருக்கிறது. ஆணையம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்குள் வரும். பத்து ரூபாய் கட்டி, குத்தகை நிபந்தனைகளின் நகலையும் தொழிலாளர் எண்ணிக்கையையும் கேட்கலாம். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அந்தப் பத்து ரூபாயும் வேண்டாம். ஃபாஸ்டேக்கில் தவறாகப் பணம் எடுத்தால், சீட்டையும் குறுஞ்செய்தியையும் வைத்துக்கொண்டு, அட்டை கொடுத்த வங்கியில் புகார் செய்யுங்கள். தீர்வு கிடைக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது.

மாணவர்களுக்கு ஒரு சொல். வாசலில் சீட்டுக் கிழிக்கும் வேலை இனித் திரும்பாது. ஆனால் தரைக்குள் சுருளைப் புதைக்கவும், பழுதான கருவியைத் திறந்து பார்க்கவும், கணக்கு மென்பொருளைக் கவனிக்கவும் ஆள் வேண்டும். ஐ.டி.ஐ.-யில் எலக்ட்ரீசியன், எலக்ட்ரானிக்ஸ் மெக்கானிக் படிப்பவர்களுக்கு இது எட்டாத வேலை இல்லை. தாட்கோ வழியாகத் திறன் பயிற்சிகள் உண்டு. சொந்தமாக நிறுவனம் தொடங்க நினைப்பவர்களுக்கு அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 விழுக்காடு மூலதன மானியம் இருக்கிறது. மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள்.

ஊர் திரும்பும் வழியில் இரவு மணி இரண்டு. பெரியம்மா மகனின் தோளில் சாய்ந்தபடி கேட்டார்: “அந்தக் கம்பிகிட்ட ஓடியாந்த பையன், சாப்ட்டானோ என்னமோ?”

கம்பி தானாக எழுந்ததைப் பார்த்து வியந்தவருக்கு, கம்பியின் ஓரம் நின்றவனும் கண்ணில் பட்டிருக்கிறான். குத்தகை நிபந்தனை எழுதுபவர்களின் கண்ணிலும் அவன் பட வேண்டும்.