சொன்ன பேச்சைக் கேட்காத குதிரைகள்

செஸ் ஆடியிருப்பீங்க. அதுல குதிரையை எங்க வைக்கிறீங்களோ அங்க போய் நிக்கும். நான் சொல்லப் போற ஆட்டத்துல அது சில சமயம் நகரவே நகராது.

மினியேச்சர் வார்கேமிங். ஒரு மேஜை, அட்டையில செஞ்ச மேடு, பண்ணை வீடு, ரெண்டு பக்கமும் குட்டிச் சிப்பாய்கள், ஒரு டேப், கொஞ்சம் டைஸ். நெப்போலியன் காலத்துப் போர்களுக்கு இதுல தனி மவுசு. வழக்கமா 28 மில்லிமீட்டர் பொம்மைகளை வாங்கி சட்டைப் பட்டன் வரைக்கும் பெயின்ட் அடிப்பாங்க. நம்ம பட்ஜெட்டுக்கு அது ஆகாது. நானும் என் ரூம்மேட்டும் கலர் பிரிண்ட் எடுத்து, அட்டையில ஒட்டி, வெட்டி நிக்க வெச்சோம். ரெண்டு வருஷத்துல ரெண்டு ஷூ பெட்டி நிறைய படை சேர்ந்துடுச்சு.

நாங்க ஆடுறது 'பிளாக் பவுடர்' விதிகள். அதுல உத்தரவை முதல்ல வாய்விட்டுச் சொல்லணும். "இந்தக் குதிரைப்படை மேட்டு மேல ஏறட்டும்." அப்புறம்தான் ரெண்டு டைஸ் உருட்டணும். தளபதியோட மதிப்பெண் பொதுவா 8. கூட்டுத்தொகை 8 அல்லது அதுக்குக் கீழ வந்தா படை நகரும். நல்லாக் கீழ வந்தா ஒரே டர்ன்ல மூணு நகர்வு. ப்ராபபிலிட்டில அரியர் வெச்சவங்களுக்காக: 36-ல 26 வாய்ப்பு, சுமார் 72 சதவீதம். 9 வந்தா நின்ன இடம்தான். அதோட அந்தத் தளபதி அந்த டர்ன்ல வேற யாருக்கும் உத்தரவு போட முடியாது. அதனால யாருக்கு முதல்ல சொல்றீங்கங்கறதுலதான் ஆட்டமே இருக்கு.

ஏன்னு புரிய அந்தக் காலத்துத் துப்பாக்கியைத் தெரிஞ்சுக்கணும். மஸ்கட்டுக்குக் குழல் வாய் வழியா மருந்து கெட்டிக்கணும். நல்ல சிப்பாய் நிமிஷத்துக்கு ரெண்டு மூணு தடவை சுடலாம். 100 மீட்டரைத் தாண்டினா ஒரு தனி ஆள் மேல படுறது அதிர்ஷ்டம். அதனால எல்லாரும் ஒரே நேரத்துல சுட நீளமான லைனா நிப்பாங்க. ஆனா குதிரைப்படை பக்கவாட்டுல வந்து மோதினா லைன் காலி. அப்போ சதுரமா மாறணும். நாலு பக்கமும் பயோனெட் நீட்டின முள்ளம்பன்றி மாதிரி. பொதுவா குதிரை அதுல போய் விழாது. ஆனா அதே சதுரம் பீரங்கிக்கு அல்வா. ஒரு குண்டு முன்பக்கம் நுழைஞ்சு பின்பக்கம் வரைக்கும் ஆளைச் சாய்க்கும்.

அப்போ தாக்குறவன் என்ன பண்ணணும்? குதிரையைக் காட்டி எதிரியைச் சதுரமாக்கணும், பீரங்கியால உடைக்கணும், காலாட்படையால முடிக்கணும். மூணும் கூடவே போகணும். 1815 ஜூன் 18, வாட்டர்லூவில் மார்ஷல் நே மாலை 4 மணி வாக்கில் குதிரைப்படையைத் திரும்பத் திரும்ப மேட்டு மேல அனுப்பினார். போதுமான காலாட்படையும் பீரங்கியும் கூடப் போகல. சதுரங்கள் உடையல. படிச்சுட்டு, "இது கூடவா தெரியாது?"ன்னு சிரிச்சேன்.

போன சனிக்கிழமை அதே வாட்டர்லூ. நான் பிரஞ்சு, அவன் வெலிங்டன். காலேஜ் முடிஞ்சதும் ஷூ பெட்டி யாருக்குங்கறதுதான் பந்தயம். முதல்ல குதிரைப்படைக்கு உத்தரவு போட்டேன். 5 விழுந்தது, மூணு நகர்வு, பறந்துச்சு. அவன் அவசரமே இல்லாம சதுரம் கட்டினான். காலாட்படைக்கு உருட்டினேன், 10. அடுத்த டர்ன்ல பீரங்கிக்கு, 9.

என் குதிரைகள் சதுரங்களுக்கு நடுவுல கோயில் பிரகாரம் மாதிரி சுத்திட்டு இருந்துச்சு. "இன்னொரு தடவை மோதிப் பாப்போம்"னு நானே சொன்னேன். அவன் சத்தமா, "நே வந்துட்டாருடா!"ன்னான். டைஸைக் குறை சொல்லலாம். ஆனா தப்பு வேகமாப் போறவனை முதல்ல அனுப்பினதுலதான். மெதுவாப் போற பீரங்கியை முதல்ல நகர்த்தி, அது ஃபெயில் ஆகியிருந்தா குதிரை பத்திரமா நின்னிருக்கும்.

ஆறாவது டர்ன்ல வலது பக்கத்துல பிரஷ்யப் படையை இறக்கினான். முடிஞ்சது.

பெட்டியைக் கட்டும்போது, "பிரஞ்சுப் படையை நீயே வெச்சுக்கோ மச்சான்"னான். ஒரு பக்கத்துப் படையை மட்டும் வெச்சு யார்கூட ஆடுறது? ரெண்டையும் அவன் பேக்லயே வெச்சேன்.