துரு சேர்த்து வைத்த குரல்

போன மார்கழியில் கெல்லரைத் துப்பரவாக்கினபோது ஒரு பழைய பிஸ்கட் டின் அகப்பட்டது. உள்ளே ஏழு கசெற். ஒன்றின் மேல் நீல மையில் அப்பாவின் கையெழுத்து: "அம்மா, 1993".

அப்பம்மா 1996 இல், இடம்பெயர்ந்திருந்த இடத்திலேயே தவறிவிட்டா. அப்பாவால் இங்கிருந்து போக முடியவில்லை. அந்தக் கசெற்றை அதற்குப் பிறகு அவர் ஒருநாளும் போட்டதில்லை.

"போட்டுக் கேப்பமா அப்பா?" என்றேன்.

"வேண்டாம். அறுந்திட்டா? இருக்கிறது இது ஒண்டுதான்."

பக்கத்தில் நின்ற என் எட்டு வயது மகள் கசெற்றை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "பூட்டி இதுக்குள்ள எங்க இருக்கிறா?" என்று கேட்டாள்.

எனக்கு வேலை மென்பொருள் எழுதுவது. ஒரு கோப்பு கணினியில் எப்படிச் சேமிக்கப்படுகிறது என்று கேட்டால் ஒரு மணித்தியாலம் கதைப்பேன். ஆனால் ஒரு பழுப்பு நாடாவுக்குள் ஒரு மனுசியின் குரல் எப்படி முப்பது வருடம் இருந்தது என்று கேட்டபோது வாய் திறக்க முடியவில்லை. பிறகு தேடிப் படித்தேன். நான் விளங்கிக்கொண்டதை இங்கே எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு டின் இருக்கலாம்.

ஒரே துரு, இரண்டு குணம்

அந்தப் பழுப்பு நிறம் ஒருவகைத் துரு. இரும்பும் ஒட்சிசனும் சேர்ந்த இரும்பு ஒட்சைட். இரண்டு இரும்பு அணுவுக்கு மூன்று ஒட்சிசன் அணு.

வேடிக்கை என்னவென்றால், எங்கள் வீட்டு முன்னால் நடைபாதையில் பதித்திருக்கும் சிவப்புக் கல்லுக்கு நிறம் கொடுப்பதும் இதே கணக்கில் சேர்ந்த பொருள்தான். அதற்கு ஹெமற்றைற் என்று பெயர். காந்தத்தைக் கிட்டக் கொண்டுபோனால் அது அசைந்தும் கொடுக்காது. நாடாவில் இருப்பதற்கு மக்ஹெமைற் என்று பெயர். அது காந்தத்துக்கு ஓடி வரும். சேர்ந்த அணுக்கள் ஒன்றேதான், அவை அடுக்கப்பட்ட விதம்தான் வேறு. மகளுக்கு லெகோ கட்டைகளை வைத்துக் காட்டினேன்: அதே கட்டைகள், ஒன்று வீடு, மற்றது வண்டி.

டுசல்டோர்ஃபில் இருக்கிற எங்களுக்கு இந்தக் கதை தூரத்துக் கதையும் இல்லை. ரைன் நதியோரம் கொஞ்சம் கீழே போனால் கிரேஃபெல்ட் நகரத்தின் ஊர்டிங்கன் வரும். அங்கே 1925 இல் யூலியுஸ் லாவுக்ஸ் என்ற வேதியியலாளர், அனிலின் தயாரிக்கும்போது மிஞ்சுகிற இரும்புக் கழிவை நல்ல நிறத்தூளாக மாற்ற வழி கண்டார். அந்த ஆலை இன்றைக்கும் ஓடுகிறது. முன்பு பாயர், இப்போது லான்செஸ். இரும்பு ஒட்சைட் நிறத்தூள் செய்கிற உலகின் மிகப் பெரிய ஆலைகளில் அதுவும் ஒன்று. தெற்கே லெவர்குசனில் போருக்குப் பிறகு ஆக்ஃபா ஒலிநாடா செய்தது.

ஊசி எப்படிப் பிறக்கிறது

நாடாவுக்கான தூளைச் செய்வது பொறுமையான வேலை. முதலில் இரும்பு சல்பேற்றைத் தண்ணீரில் கரைத்து, காரம் சேர்த்து, காற்றை ஊதுவார்கள். மஞ்சள் நிறத்தில் மிக நுண்ணிய ஊசிகள் வளரும். அவற்றைச் சூடாக்கித் தண்ணீரை வெளியேற்றினால் சிவப்பாகும். அது ஹெமற்றைற், இன்னும் காந்தம் இல்லை. பிறகு ஐதரசன் வாயுவில் 300 பாகைக்கு மேல் சூடாக்கினால் கறுப்பாகும். அது மக்னற்றைற். கடைசியாகக் காற்றில் சுமார் 250 பாகையில் மெதுவாகச் சூடாக்கினால் பழுப்பு மக்ஹெமைற் கிடைக்கும். சூடு மிஞ்சினால் திரும்பவும் காந்தம் இல்லாத சிவப்புத்தான். மஞ்சள், சிவப்பு, கறுப்பு, பழுப்பு என்று நாலு நிறம் மாறியும் ஊசி உருவம் குலையக் கூடாது. அதுதான் கெட்டித்தனம்.

ஏன் ஊசி? உருண்டைத் துணிக்கையின் காந்தம் எந்தப் பக்கமும் இலேசாகத் திரும்பும். ஊசியில் அது நீளவாக்கில்தான் நிற்க விரும்பும்: ஒன்றில் இந்த முனை, இல்லையென்றால் அந்த முனை. ஒருமுறை திருப்பிவிட்டால், பலமான இன்னொரு காந்தப்புலம் வரும்வரை அப்படியே கிடக்கும். இதுதான் ஞாபகம்.

அளவும் முக்கியம். நாடாவில் உள்ள ஊசி ஒரு மில்லிமீற்றரின் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு நீளம் வரும். அதைவிட மிகப் பெரிதானால் ஒரே துணிக்கைக்குள் காந்தம் பல பகுதிகளாகப் பிரிந்து, ஒன்றையொன்று அழித்துவிடும். மிகச் சிறிதாக, மில்லிமீற்றரின் இலட்சத்தில் ஒரு பங்கு அளவுக்குப் போனால், அறையின் சாதாரணச் சூடே காந்தத்தைப் புரட்டிப் புரட்டிப் போடும். எழுதினது அந்தக் கணமே மறந்துபோகும்.

பதியும்போது மைக்கில் வரும் குரல் மின்னோட்டமாகி, ரேப் ரெக்கோடரின் தலையில் உள்ள மின்காந்தத்துக்குப் போகிறது. அதன் முன்னால் ஒரு செக்கனுக்கு 4.76 சென்றிமீற்றர் நாடா ஓடுகிறது. குரல் ஏறி இறங்க, ஊசிகள் திரும்புகின்றன. நான் ஒரு தோராயக் கணக்குப் போட்டேன்: ஒரு செக்கன் குரலுக்குப் பத்தாயிரம் கோடி ஊசி வரும். மகளுக்கு என்னால் சொல்ல முடிந்த பதில் அதுதான். பூட்டி அந்த ஊசிகள் பார்க்கிற திசையில் இருக்கிறா.

எது பழுதாகும்?

நல்ல செய்தி, ஊசிகளுக்கு இலேசில் வயது போவதில்லை. பழுதாவது மற்றதெல்லாம்: ஊசிகளை நாடாவில் ஒட்டி வைத்திருக்கிற பிசின், நாடாவைத் தலையோடு அழுத்துகிற சின்னக் கம்பளித் துண்டு, ஈரத்தில் பிடிக்கிற பூஞ்சணம். கெல்லர் ஈரமான இடம். அங்கே வைத்திருந்தால் இன்றைக்கே மேலே எடுங்கோ.

எங்கள் அனுபவத்தில் கற்றதையும் சொல்கிறேன். முதலில் மலிவான ஒரு பிளேயரில் பழைய பாட்டுக் கசெற் ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். நாடாவைச் சப்பித் துப்பிவிட்டது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அப்பம்மாவின் கசெற்றை எடுத்துத் தன் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். பிறகு நல்ல பழைய டெக் ஒன்றைத் தேடி வாங்கி, தலையையும் ரப்பர் உருளையையும் துடைத்து, முக்கியமில்லாத கசெற்களில் ஒரு கிழமை பரீட்சித்துப் பார்த்த பிறகுதான் அவரிடம் திரும்பக் கேட்டேன்.

நீங்கள் செய்வதானால், முதல் வேலை கசெற்றின் மேல் விளிம்பில் உள்ள இரண்டு சின்னப் பிளாஸ்ரிக் காதுகளையும் உடைத்துவிடுங்கோ. அப்போதுதான் தவறிப்போய் மேலே பதியாது. பிள்ளைகளின் பலமான காந்த விளையாட்டுச் சாமான்களையும் ஒலிபெருக்கியையும் தள்ளி வையுங்கோ. லப்டொப்பில் பதியும்போது சுருக்காத கோப்பாகப் பதிந்து, மூன்று இடத்தில் பிரதி வையுங்கோ. பயமாக இருந்தால், நாடா எண்ணிமப்படுத்துகிறவர்களிடம் கொடுக்கலாம்.

சித்தப்பாவின் மூச்சு

தை மாதம் ஒரு ஞாயிறு பின்னேரம் போட்டோம். முதலில் இரைச்சல். பிறகு, "தம்பி, சுகமா இருக்கிறியே? இஞ்ச நாங்கள் எல்லாரும் சுகம்..."

அப்பா நிலத்தைப் பார்த்தபடி இருந்தார்.

கொஞ்ச நேரத்தில் அப்பம்மாவின் குரல் கீச்சென்று மெலிந்து வேகமானது. "பூட்டி ஏன் மிக்கி மவுஸ் மாதிரிக் கதைக்கிறா?" என்று மகள் கேட்டாள். நாடாதான் கெட்டுப்போச்சோ என்று எனக்கு நெஞ்சு பதறியது. அப்பா சிரித்தார். அந்த நாளில் யாழ்ப்பாணத்தில் கரண்டும் இல்லை, பற்றரிக்கும் தடை. சைக்கிளைக் கவிட்டு வைத்து, பெடலைக் கையால் சுத்தி, டைனமோவில் இருந்துதான் ரேப் ரெக்கோடருக்கு மின்சாரம். சுத்தினது சித்தப்பா. அவர் களைத்தால் நாடா மெதுவாக ஓடும். மெதுவாகப் பதிந்ததைச் சரியான வேகத்தில் போட்டால் குரல் கீச்சிடும்.

"சின்னவன் களைச்சுப் போனான்," என்றார் அப்பா.

வேகத்தைச் சரிசெய்ய எனக்கு ஒரு மணித்தியாலம் போதும். அப்பம்மாவின் குரல் முழுக்க ஒரே சீராக வரும். அப்பாவிடம் கேட்டேன்.

"வேண்டாம். அப்பிடியே விடு," என்றார். "அவனும் அதுக்குள்ள இருக்கிறான்."

மிச்சம் ஆறு கசெற் இருக்கிறது. ஒவ்வொரு ஞாயிறும் ஒன்று.