இரண்டு உஷ்ணமானிகளின் சாட்சியம்

விமானப் பயிற்சி பெறும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: பறந்துகொண்டிருக்கையில் ஒரே ஒரு சிலிண்டரின் புகையுஷ்ணம் 30, 40 டிகிரி செல்ஷியஸ் ஏறி, அதே சிலிண்டரின் தலையுஷ்ணம் சற்றே இறங்கினால் எதை நம்புவது? இரண்டையுமே நம்பலாம், பெரும்பாலும் ஒரு ஸ்பார்க் பிளக் செத்துவிட்டது.

செஸ்னா 172 போன்ற சிறு விமானங்களில் சிலிண்டருக்கு இரண்டு பிளக்குகள் வைத்திருப்பது ஆபத்துக்கு உதவத்தான் என்று கருதுவோர் பலர். அதனினும் ரஸமான காரணம் ஒன்று உண்டு. எதிரெதிர் வரப்புகளிலிருந்து இரண்டு கோஷ்டிகள் அறுவடை தொடங்கினால் பொழுது சாயுமுன் வயல் முடிந்து நெல் களஞ்சியம் சேர்ந்துவிடும். ஒரு கோஷ்டி வராமற்போனாலோ, அறுப்பு இருட்டிய பின்னும் நீண்டு, களஞ்சியத்துக்குப் போகவேண்டிய கதிரில் ஒரு பங்கு திறந்த வாயில்வழியே வெளியே போக, அங்கே நிற்கும் காவற்காரன் விளைச்சல் அமோகம் என்று நினைப்பான். புகைக்குழாயின் உஷ்ணமானி அந்தக் காவற்காரன்; தலையுஷ்ணமானி களஞ்சியக் கணக்கன். ஒற்றைச் சுவாலை மெதுவாகப் பரவுவதால், பிஸ்டனைத் தள்ளவேண்டிய உஷ்ணம் வால்வு திறந்ததும் புகையோடு போய்விடுகிறது. ஐயம் தீர, பிளக்குகளுக்கு மின்சாரம் ஊட்டும் மாக்னெட்டோக்களை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்க்கலாம்: மற்றச் சிலிண்டர்களின் புகையுஷ்ணம் ஏற, செத்த பிளக்கை மட்டுமே நம்பி நின்ற சிலிண்டருடையது மாத்திரம் சரிந்து விழும்.

சரித்திரம் இவ்வளவு போதும்: இரு உலோகங்களின் இணைப்பைச் சூடாக்கினால் அருகிலுள்ள காந்த முள் திரும்புவதை 1821இல் ஸீபெக் கண்டார், இன்றைய உஷ்ணமானிகள் அதன் சந்ததி.

வர்ணத் திரைகளுடன் வரும் நவீனக் கருவிகள் யந்திரத்தின் வியாதிகளை முன்கூட்டியே சொல்லிவிடும் என்னும் விளம்பரங்களை நான் ஏற்பதில்லை. புகையுஷ்ணமானியின் முனையில் வெப்பவாயு படுவது வெளியேற்று வால்வு திறந்திருக்கும் சிறு பொழுதில் மட்டுமே. ஆகவே அது காட்டுவது ஒரு சராசரியேயன்றி உண்மை உஷ்ணமன்று. முனையைச் சற்றுத் தள்ளிப் பொருத்தினாலும் எண் மாறும். பக்கத்துச் சிலிண்டரோடு ஒப்பிட்டுக் கலங்குவது வீண். அதே சிலிண்டரின் பழைய கணக்கோடு ஒப்பிடுவதே பிரயோஜனம்.

செத்த பிளக்கின் குறிக்கு நேர்மாறான குறியே பயங்கரமானது. தலையுஷ்ணம் விறுவிறுவென்று ஏற, புகையுஷ்ணம் இறங்குமாயின், கலவை அகாலத்தில் பற்றியோ வெடித்தோ தன் உஷ்ணத்தை உலோகத்திலேயே கொட்டுகிறது என்று பொருள். பல லைக்காமிங் யந்திரங்களுக்கு விதித்த 260 டிகிரி எல்லையைச் சில நிமிஷங்களில் தாண்டிப் பிஸ்டனே உருகிவிடக்கூடும். அப்போது காரணம் ஆராய அவகாசமில்லை. உடனே விசையைக் குறைத்து, கலவையில் எரிபொருளைக் கூட்டி, அருகிலுள்ள ஓடுபாதையை நாடவேண்டும்.