ஆலைக் குளத்தில் கோப்பி-ஓ!

சென்ற மாதம் கிள்ளான் பக்கத்துச் செம்பனைத் தோட்டமொன்றிலிருந்து ஓர் அக்காள் பிரிக்பீல்ட்ஸுக்கு என்னைப் பார்க்க வந்தார். பையிலிருந்து ஒரு போத்தலை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"தம்பி, இது என்னான்னு சொல்லுங்க?"

"கோப்பி-ஓ தானே அக்கா!"

"ஆலைத் தண்ணி தம்பி. கடைசிக் குளத்துல மொண்டது. டெஸ்டுல பாஸாம்! பாஸான தண்ணிக்கு ஏன் இந்தக் கலரு? புள்ளைங்க தூண்டில் போடுற ஓடையிலதான இது கலக்குது?"

நியாயமான கேள்வி, தோழர்களே. தோட்டப் பள்ளியில் படித்த எனக்கு அந்த நேரம் பதில் தெரியவில்லை. விவரம் அறிந்தவர்களிடம் கேட்டு எழுதுகிறேன்.

ஒரு டன் செம்பனை எண்ணெய் எடுத்தால், ஏறக்குறைய இரண்டரை டன் கழிவுநீர் வெளியாகிறது. அதை அப்படியே ஆற்றில் விட்டால், கிருமிகள் அதைத் தின்னத் தின்ன நீரிலுள்ள பிராணவாயு தீர்ந்துபோகும். மீன் மூச்சுத் திணறிச் செத்து மிதக்கும். கிருமிகளுக்கு எவ்வளவு பிராணவாயு பிடிக்கும் என்று அளப்பதுதான் 'பி.ஓ.டி.' கணக்கு. ஆலையிலிருந்து வரும் புதுக் கழிவில் இது லிட்டருக்கு 25,000 மில்லிகிராம் அளவில் இருக்கும். 1977-இல் வந்த விதிமுறை, 1978-இல் 5,000 என்று தொடங்கி, 1984-க்குள் 100-க்கு இறக்கச் சொன்னது. ஆலைகள் குளம் குளமாக வெட்டியது அதனால்தான். சின்னச் சாதனையல்ல, அதை மறுக்கக் கூடாது.

ஆனால் கிருமி லேசில் தின்னாத சரக்கும் அந்தத் தண்ணீரில் உண்டு. மரத்துக்கு உறுதி தரும் லிக்னின், தேயிலைக்குத் துவர்ப்பு தரும் டானின் போன்றவை. அக்காள் கொண்டுவந்த 'கோப்பி' அதுதான். பி.ஓ.டி. இதைச் சரியாகக் காட்டாது. 1977 விதிமுறைப் பட்டியலில் நிறமும் இல்லை. பாஸாகாமல் என்ன செய்யும்?

இந்த மிச்சத்தை எரிக்கத்தான் சீரியம் என்ற அரிய மண் உலோகத்தைச் சொல்கிறார்கள். புதிதல்ல, சிகரெட் லைட்டர் கல்லில் இருப்பது அதுதான். பாட்டன் காலத்துக் கேஸ் விளக்கு மேன்டிலிலும் தோரியத்தோடு நூற்றுக்கு ஒரு பங்கு சீரியம் இருந்தது. இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலும் இவை இரண்டும் கிடக்கின்றன.

சீரியத் தூள் தோட்டத்துக் கடைக்காரர் மாதிரி. தன்னிடமுள்ள பிராணவாயுவை அழுக்குக்குக் கடன் கொடுத்து எரிக்கும். பிறகு காற்றிலிருந்து வாங்கிக் கணக்கை நேர் செய்துகொள்ளும். கொடுத்து வாங்கினாலும் முதல் கரையாது. இப்படி வேலை செய்வதை வினையூக்கி என்பார்கள். மாங்கனீசோடு சீரியத்தைச் சேர்த்து, சூடும் அழுத்தமும் கொடுத்துக் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் முறையை 1980-களிலேயே ஜப்பானில் ஆராய்ந்தார்கள். அந்தச் சூட்டுக்கும் அழுத்தத்துக்கும் செலவு அதிகம். வெளிச்சத்தில் வேலை செய்யும் வினையூக்கிகளை நம் பல்கலைக்கழகங்களும் செம்பனைக் கழிவில் சோதித்திருக்கின்றன. பெரும்பாலும் ஆய்வுக்கூட அளவுதான்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். சீரியம் கிடைக்கும் மணலில் கதிர்வீச்சுள்ள தோரியமும் சேர்ந்தே வரும். ஈப்போ அருகே புக்கிட் மேராவில் 1982-இல் தொடங்கிய ஏசியன் ரேர் எர்த் ஆலை, ஈய லம்பத்து 'அமாங்' மணலிலிருந்து பிரித்த தாதுவைத்தான் பக்குவம் செய்தது. கழிவுக்குப் பயந்த ஊர் மக்கள் 1985-இல் கோர்ட்டுக்குப் போனார்கள். 1992-இல் ஈப்போ உயர்நீதிமன்றத்தில் வென்றார்கள். 1993-இல் உச்சநீதிமன்றத்தில் தோற்றார்கள். ஆனாலும் 1994-இல் ஆலை மூடப்பட்டது. குவாந்தான் கெபெங்கில் 2012-இல் லைனாஸ் ஆலை தொடங்கியபோதும் இதே வாதம் எழுந்தது. நம் ஓடையைக் கழுவ இன்னோர் ஊரில் குப்பை சேரலாமா என்பதையும் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

இதையெல்லாம் போனில் சொன்னேன். அக்காள் பொறுமையாகக் கேட்டார்.

"அது வரட்டும் தம்பி. குளத்துல சேறு மேடு தட்டிக் கெடக்கே, அத வாரச் சொல்ல ஜப்பான்காரனா வரணும்?"

குளத்தில் சேறு நிறைந்தால் தண்ணீர் தங்கும் நாள் குறையும். கிருமிக்குத் தின்ன நேரம் போதாது. அக்காள் சொல்வது சரி. கடைசியாகச் சேறு வாரிய தேதியையும் பரிசோதனை முடிவுகளையும் கேட்டு நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதியாயிற்று. போத்தல் இன்னும் என் மேசைமேல்தான் இருக்கிறது. பேச்சுவார்த்தைக்குப் போகும்போது அதையும் எடுத்துப் போவேன்.