காற்றுக்கும் தரம் உண்டு: ஆய்வுகூடங்களுக்கான கிளீன் ரூம் வாங்குவோர் கவனத்திற்கு

2012ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவில், முதுகுவலிக்காக ஊசி ஏற்றிக்கொண்டவர்கள் ஒருவர் பின் ஒருவராக மூளைக்காய்ச்சலுக்கு ஆளானார்கள். காரணத்தைத் தேடியபோது, மெசசூசெட்ஸ் மாநிலத்திலிருந்த நியூ இங்கிலாந்து கொம்பவுண்டிங் சென்டர் எனும் நிறுவனம் தயாரித்த ஸ்டீரொய்ட் ஊசிமருந்தில் பங்கசு கலந்திருந்தமை தெரியவந்தது. அம்மருந்தை ஏற்றிக்கொண்டோர் ஏறத்தாழ 14 ஆயிரம் பேர். அவர்களில் 750க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். 64 பேர் உயிரிழந்தனர்.

அந்நிறுவனத்தில் கிளீன் ரூம் இல்லாமலில்லை. ஆனால் இரவு 8 மணி முதல் அதிகாலை 5.30 வரை அங்கு ஏ.சி. நிறுத்தி வைக்கப்பட்டதை அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் பரிசோதகர்கள் கண்டறிந்தனர். அறையில் பற்றீரியாவும் பூஞ்சணமும் இருப்பதை நிறுவனத்தின் சொந்தச் சோதனைகளே மாதக்கணக்காகக் காட்டியிருந்தன. அதற்கு நடவடிக்கை எடுக்கப்பட்டதற்கான பதிவு எதுவும் இருக்கவில்லை. அதே ஆண்டிலேயே நிறுவனம் மூடப்பட்டு வங்குரோத்தானது.

கிளீன் ரூம் என்பது ஒரு தடவை பணம் கொடுத்து வாங்கி வைக்கும் தளபாடம் அல்ல என்பதை இச்சம்பவம் உணர்த்துகின்றது. ஆய்வுகூடம், மருந்துப் பொதியிடல், மருத்துவ உபகரண உற்பத்தி போன்ற துறைகளில் முதலிட எண்ணுவோர் இதன் அடிப்படைகளை அறிந்திருப்பது அவசியமாகும்.

வகுப்பு என்பது என்ன?

1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் சண்டியா ஆய்வுகூடத்தைச் சேர்ந்த வில்லிஸ் விட்பீல்ட் எனும் பௌதிகவியலாளரே நவீன கிளீன் ரூமை வடிவமைத்தார். அறையைத் துடைத்துத் துடைத்துச் சுத்தம் செய்வதற்குப் பதிலாக, வடிகட்டிய காற்றை இடைவிடாது ஒரே திசையில் செலுத்தித் தூசியை வெளியே தள்ளிவிடுவதே அவரது யோசனை. இன்றும் அடிப்படை அதுவே.

1963இல் அமெரிக்கா இதற்கென ஒரு தரநியமத்தை வெளியிட்டது. 'கிளாஸ் 100', 'கிளாஸ் 10,000' என்ற பெயர்கள் அங்கிருந்து வந்தவை. அத்தரநியமம் 2001இல் கைவிடப்பட்டது. இப்போது உலகெங்கும் நடைமுறையிலிருப்பது ஐ.எஸ்.ஓ. 14644-1 ஆகும். இது 1999இல் வெளியாகி 2015இல் திருத்தப்பட்டது.

இதில் 1 முதல் 9 வரை வகுப்புகள் உள்ளன. எண் குறையக் குறையக் காற்று தூயதாகும். ஒரு கனமீற்றர் காற்றில் 0.5 மைக்ரோனும் அதைவிடப் பெரியதுமான துணிக்கைகள் எத்தனை என்பதே கணக்கு. மனித முடியொன்றின் தடிப்பு ஏறத்தாழ 70 மைக்ரோன் என்பதை நினைவிற் கொள்க.

ஐ.எஸ்.ஓ. 5 எனில் 3,520 துணிக்கைகள் வரை இருக்கலாம். பழைய 'கிளாஸ் 100' இதுவே. ஐ.எஸ்.ஓ. 7 எனில் 3 இலட்சத்து 52 ஆயிரம். ஐ.எஸ்.ஓ. 8 எனில் 35 இலட்சத்து 20 ஆயிரம். அதாவது ஒரு படி ஏறினால் தூசி பத்து மடங்காகும். தேவைக்கு மேற்பட்ட வகுப்பைக் கேட்டுப் பணத்தை வீணாக்குவோரும் உண்டு. முழு அறையையும் ஐ.எஸ்.ஓ. 5 ஆக்காமல், ஐ.எஸ்.ஓ. 7 அறைக்குள் ஐ.எஸ்.ஓ. 5 தரமுள்ள வேலை மேசையொன்றை வைப்பதே பல இடங்களில் போதுமானது.

பொருத்து அறைகள்

முன்னர் இவ்வறைகளைச் செங்கல்லும் சீமெந்தும் கொண்டு கட்டினார்கள். இன்று மொடியுலர் எனப்படும் பொருத்து அறைகள் பரவலாகியுள்ளன. சுவர்ப் பெனல், கூரைச் சட்டம், கதவு, விசிறியுடன் கூடிய ஹெபா வடிகட்டி யாவும் தொழிற்சாலையிலேயே தயாராகி வந்து, இருக்கின்ற கட்டிடத்தினுள் பொருத்தப்படும். வாடகைக் கட்டிடத்தில் தொழில் செய்வோருக்கு இது பெரிய வசதி. கழற்றி வேறிடம் கொண்டு செல்லலாம். பின்னர் பெரிதாக்கவும் செய்யலாம்.

இவற்றில் இரு வகை உண்டு. உலோகச் சட்டத்தில் பிளாஸ்டிக் திரை தொங்கவிடப்பட்டது விலை குறைந்தது. கடினப் பெனல் சுவர் கொண்டது விலை கூடியது. ஆனால் அறைகளுக்கிடையே அமுக்க வேறுபாட்டைப் பேண அதுவே ஏற்றது. தூய அறையில் அமுக்கம் சற்றுக் கூடுதலாக இருந்தால்தான் கதவு திறக்கும்போது காற்று வெளியே செல்லும். தூசி உள்ளே வராது. மருந்துற்பத்திக்கான ஐரோப்பிய விதிகள் இவ்வேறுபாடு குறைந்தது 10 பஸ்கலாக இருக்க வேண்டும் என்கின்றன. ஆபத்தான கிருமிகளைக் கையாளும் ஆய்வுகூடத்திலோ நிலைமை நேர்மாறானது. அங்கு காற்று வெளியே கசியக் கூடாது. இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டு ஓடர் கொடுப்பது பெருந்தவறாகும்.

எம்முடையது போன்ற ஈரப்பதன் கூடிய நாட்டில் இன்னொன்றையும் மறக்கலாகாது. ஹெபா வடிகட்டி தூசியைப் பிடிக்கும்; ஈரத்தைப் பிடிக்காது. ஈரத்தை அகற்றும் ஏற்பாடு தனியாக வேண்டும். இல்லையேல் பூஞ்சணத்துக்கு நாமே இடம் கொடுத்தவர்களாவோம்.

கையொப்பமிடுமுன் கேட்க வேண்டியவை

முதலாவது, 'ஐ.எஸ்.ஓ. 7' என்று கொட்டேசனில் எழுதியிருப்பது எந்த நிலையில்? வெறும் அறையிலா, இயந்திரங்கள் பூட்டிய பின்னரா, ஆட்கள் வேலை செய்யும்போதா? மனிதனே அறையின் மிகப் பெரிய தூசி மூலம். வெற்றறையில் தேறியது, நான்கு பேர் நுழைந்ததும் தவறிப் போகலாம்.

இரண்டாவது, அளவிடுவது யார்? விற்றவரே சான்றிதழும் தருவதைவிட, சுயாதீனமான மூன்றாம் தரப்பு அளவிடுவது நல்லது. 10 சதுர மீற்றர் அறைக்கே 5 இடங்களில் காற்று மாதிரி எடுக்க வேண்டுமென்பது ஐ.எஸ்.ஓ. விதி.

மூன்றாவது, மாதாந்தச் செலவு என்ன? விசிறிகள் இரவு பகலாக இயங்க வேண்டும். மின்கட்டணம், வடிகட்டி மாற்றுதல், மேலாடைகள், ஊழியர் பயிற்சி, வருடாந்தச் சோதனை அனைத்தையும் கூட்டிப் பார்த்தே விலை நிர்ணயம் செய்ய வேண்டும்.

இரவில் ஏ.சி.யை நிறுத்துவது கணக்கேட்டில் சிக்கனமாகத் தோன்றலாம். அந்த அறையிலிருந்து வெளிவரும் மருந்து யாருடைய உடலுக்குள் செல்கின்றது என்பது கணக்கேட்டில் எழுதப்படுவதில்லை. காலை முதல் வேலையாக அமுக்கமானியைப் பார்த்துக் குறித்துக்கொள்ளும் ஊழியரையும், அக்குறிப்பை வாசிக்கும் முதலாளியையும் எந்தக் கம்பனியும் பெனலோடு சேர்த்து அனுப்புவதில்லை. அதை நாமே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.