புலவரும் ஊரும்: தரவுத்தள உறவமைப்பில் ஒரு சிக்கல்

சங்க நூற்பதிப்புகளில் புலவர், புரவலர், ஊர்ப்பெயர் அடைவுகள் சேர்க்கப்பெறுவதை நாம் அறிவோம். அவற்றைக் கணினியில் உறவுமுறைத் தரவுத்தளமாக அமைக்கும் முயற்சிகள் இன்று பெருகி வருகின்றன. 1970இல் எட்கர் காட் என்பார் வகுத்துரைத்த இம்முறையில், செய்திகள் பல அட்டவணைகளாகப் பகுக்கப்பெறும். அவற்றிடையே உள்ள உறவை வரையறுத்தலே அரிய பணியாகும். காஞ்சிபுரத்தை அடுத்த தாமல் என்னும் ஊரொடு தொடர்புடைய ஒரு செய்தியைக்கொண்டு இதனை விளக்குவாம்.

புறநானூற்று 43ஆம் பாட்டைப் பாடியவர் தாமப்பல் கண்ணனார். சோழன் நலங்கிள்ளியின் தம்பி மாவளத்தானொடு வட்டாடியபோது எழுந்த பூசலே அப்பாட்டின் களம். இப்புலவர் பெயர் தாமற்பல் கண்ணனார் எனவும் வழங்கும். பெயரையே அடையாளமாகக் கொண்டால் கணினி ஒருவரை இருவராக்கும். ஒளவையார் என்னும் பெயருடையார் பலரையோ ஒருவராக்கும். ஆதலின் புலவர்தோறும் தனி எண் வழங்கல் வேண்டும். பெயர் வடிவங்கள் வேறோர் அட்டவணையில் அவ்வெண்ணைச் சுட்டி நிற்கும்.

இனி, உறவின் வகைகளைக் காண்போம். ஒரு புலவர் பல பாட்டுப் பாடலாம். ஒரு பாட்டுக்குப் புலவர் ஒருவரே. இஃது ஒன்றுக்குப் பல என்னும் உறவு. பாட்டு அட்டவணையில் புலவர் எண்ணை அமைத்தலே இதற்குப் போதும். பாட்டிற்கும் புரவலர்க்கும் உள்ள உறவோ அத்தகையதன்று. ஒருவனைப் பல பாட்டுகள் பாடும். ஒளவையாரின் 367ஆம் புறப்பாட்டு மூவேந்தரை ஒருங்கே பாடும். பலவுக்குப் பல என்னும் இவ்வுறவிற்கு, பாட்டெண்ணும் புரவலர் எண்ணும் மட்டும் கொண்ட இணைப்பு அட்டவணை ஒன்று வேண்டும்.

சிக்கல் ஊரில் எழுகின்றது. கண்ணனார் பெயரின் முன்னொட்டைத் தாமல் என்னும் ஊரொடு பொருத்திக் காண்பார் உளர். புலவர் அட்டவணையில் ஊர் என ஒரு பத்தி அமைத்துத் தாமல் என எழுதிவிட்டால், கருத்து உண்மையாகிவிடும். தொண்டைநாட்டுப் புலவரைத் தேடும் மாணவர்க்கு அஃது ஐயமற்ற செய்தியாகவே தோன்றும். அதனால் புலவர் எண், ஊர் எண், அவ்வாறு கருதியவர், அதற்குரிய சான்று ஆகியவற்றைத் தாங்கிய இணைப்பு அட்டவணையே தக்கது. மறுப்புரையும் அதில் இடம்பெறலாம்.

தொண்டைமண்டலக் கோட்டம் இருபத்து நான்கனுள் ஒன்றும் தாமல் என்னும் பெயரால் வழங்கியமை நினைக்கத்தக்கது. பெயர் ஒன்றாயினும் ஊர் வேறு, கோட்டம் வேறு. அட்டவணையும் வேறாதல் வேண்டும்.

ஆகவே, அட்டவணைகளின் உறவை அமைத்தல் பொறியாளர்க்கு மட்டும் உரிய தொழிலன்று. எது சான்று, எது ஊகம் என்று பகுக்க வல்ல தமிழாய்வாளர்க்கும் அஃது உரிய கடனே என்க.